பக்கவாதத்துக்கு அப்புறம் வலது கை: தோள் கொஞ்சம் வருது, விரல் விரியல. வீட்டுல என்ன செய்யலாம், எத்தனை தடவை?

புளியரை_மகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயசு 61. இடது மூளையில ரத்தக்குழாய் அடைச்சு, வலது கை கால் விழுந்து ஏழு வாரம் ஆகுது. கால் தேறிட்டு, கம்பு ஊனி நடக்காங்க. பேச்சு வருது, ஆனா நாம நீளமா சொன்னா பிடிபடல. மாத்திரையோட ரத்த அழுத்தம் 140/90 பக்கம் நிக்கி. சுகர் இல்ல. ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் சாப்பிடுதாங்க.

கை நிலவரத்தை அளந்தே சொல்லுதேன். முன்பக்கமா 40 டிகிரி வரைக்கும் தூக்குறாங்க, அப்பவும் தோளைக் காதுகிட்ட ஏத்திதான் தூக்க முடியுது. முழங்கை நல்லா மடங்குது, நீட்டச் சொன்னா பாதிதான். மணிக்கட்டு மேல்பக்கமா லேசா அசையுது. விரல் அஞ்சும் மடங்கியே கிடக்கு. நாம விரிச்சா விரியும், தானா விரியாது. தோள் எலும்பு முனைக்குக் கீழ ஒரு விரல் போற அளவுக்குப் பள்ளம் தெரியுது. சாயங்காலமானா புறங்கை வீங்குது. கையில உணர்ச்சியும் குறைவுதான்.

இப்ப செய்யறது: ரப்பர் பந்தை அமுக்குறது நாளைக்கு 200 தடவை. விட்டத்துல கப்பி மாட்டி, இடது கையால கயிறை இழுத்து வலது கையை மேல தூக்குறது 50 தடவை. இதுல கப்பி போட்டப்புறம் தோள்வலி கூடிட்டு. புனலூர் பக்கம் எண்ணெய் உழிச்சலுக்கு 14 நாள் கூட்டிட்டுப் போகச் சொல்லுதாங்க. நல்ல கையைக் கட்டிப்போட்டா கெட்ட கை வேலை செய்யும்னு இன்னொருத்தர் சொல்லுதாரு.

அப்பா ஆரியங்காவு பக்கம் ரப்பர் டாப்பிங் வேலை. பிசியோ வாரத்துக்கு ஒரு நாள்தான் வாராரு, மிச்ச ஆறு நாளும் நாங்கதான். எதை வைக்கலாம், எதை விடணும், எத்தனை தடவைன்னு விவரமா சொன்னா உபகாரம்.


கோட்டைவாசல்_பிசியோ:

கப்பியை இன்னிக்கே கழற்றிடுங்க. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

கையை முழுசா மேல தூக்கும்போது தோள்மூட்டு மட்டும் அசையறதில்ல. 180 டிகிரியில ஏறக்குறைய 120 மூட்டுல நடக்கும், மிச்சம் 60 முதுகுல இருக்கிற தோள்பட்டை எலும்பு சுழன்று ஏறுறதால வரும். கூடவே மேற்கை எலும்பு வெளிப்பக்கமா திரும்பியாகணும். நமக்கு இது தன்னால நடக்கும். அப்பாவுக்குப் பட்டையைப் பிடிச்சிருக்கிற தசையில சிலது தளர்ந்து கிடக்கு, சிலது இறுகிக் கிடக்கு. கயிறு கையை மட்டும் இழுக்கும், பட்டை கூட வராது, எலும்பும் திரும்பாது. அப்ப மேற்கை எலும்போட தலை மேல இருக்கிற எலும்பு முனையில போய் இடிக்கும், நடுவுல இருக்கிற தசைநாண் நசுங்கும். 50 தடவை இழுத்தா 50 தடவை நசுங்கும். வலி கூடினதுக்குக் காரணம் அதுதான். பக்கவாதத் தோளுக்கு மேலே மாட்டுற கப்பி வேண்டாம்னு சிகிச்சை வழிகாட்டு நெறிகளே சொல்லுது.

அந்த ஒரு விரல் பள்ளம் மூட்டு கொஞ்சம் கீழ இறங்கியிருக்கிறதோட அடையாளம். பள்ளம் இருக்கிறதாலேயே வலி வரணும்னு இல்ல. அந்த நிலையில கையை இழுக்கிறதுதான் மூட்டைக் கெடுக்கும். கட்டில்ல இருந்து எழுப்பும்போது அக்குளில் கை கொடுக்கக் கூடாது, வலது கையைப் பிடிச்சு இழுக்கவும் கூடாது. இடுப்புல வேட்டிக்கு மேல அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடிங்க, இல்லன்னா முதுகுப் பக்கம் தோள்பட்டையில உள்ளங்கை வச்சுத் தாங்குங்க. சட்டை போடும்போது வலது கை முதல்ல உள்ள போகணும், கழற்றும்போது அதுதான் கடைசியா வெளிய வரணும். உட்கார்ந்திருக்கும்போது முன்கை முழுக்க மேசை மேலயோ மடியில தலையணை மேலயோ இருக்கணும். தொங்கவிடாதீங்க. கழுத்துல மாட்டிக் கையைத் தாங்குற துணித் தொட்டில் நடக்கும்போது மட்டும் போதும், உட்கார்ந்ததும் எடுத்துடணும். நாள் பூரா மாட்டியிருந்தா முழங்கை மடங்கி, கை வயித்தோட ஒட்டினபடியே இறுகிடும்.

படுக்கை பத்தி யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனால சொல்லுதேன். நல்ல பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கும்போது முன்னால ஒரு பெரிய தலையணை போட்டு, வலது கை முழுசும் தோள் உயரத்துல அதுமேல நீண்டு கிடக்கணும். மணிக்கட்டு தலையணை விளிம்புல தொங்கக் கூடாது. வலது பக்கமாவும் படுக்கலாம், ஆனா தோளை முன்னுக்கு மெல்ல எடுத்து வச்சுட்டு, பட்டை மேல பாரம் விழற மாதிரி. தோள்முனை மேலேயே படுத்தா ராத்திரி வலிக்கும்.

இப்ப தோள் பயிற்சி. முதல்ல பட்டை, அப்புறம்தான் கை. நீங்க வலது பக்கத்துல உட்காருங்க. ஒரு உள்ளங்கை பட்டை எலும்பு மேல, இன்னொன்னு முன்கைக்கு அடியில தாங்கி. பட்டையை மேலயும் முன்னாலயும் 10 தடவை மெல்ல நகர்த்துங்க. அது இளகினது கைக்குத் தெரியும். அப்புறம் கட்டைவிரல் கூரையைப் பார்த்தபடி கையை முன்னால தூக்குங்க. 90 டிகிரியில நிறுத்திடுங்க. அதுக்கு மேல போறது பிசியோ பார்த்துச் சொன்ன பிறகு. அடுத்தது முழங்கையை இடுப்போட ஒட்டி 90 டிகிரி மடக்கி வச்சு, முன்கையை மட்டும் கதவு திறக்கிற மாதிரி வெளிப்பக்கமா கொண்டுபோங்க. தோள்ல முதல்ல போறது இந்த அசைவுதான், அதனால இதைத் தவற விடாதீங்க. இழுப்பு தெரியற இடத்துல 30 எண்ணிப் பிடிச்சு விடுங்க, 5 தடவை. காலையும் மாலையும்.

அவரே செய்யறதுக்கு மேசைத் துண்டு. மேசை உயரம் முழங்கை 90 டிகிரி மடங்கி முன்கை படியற அளவு இருக்கணும். ஒரு துண்டை நாலா மடிச்சு, அதுமேல வலது உள்ளங்கை, அதுக்கு மேல இடது கை. இடுப்புல இருந்து முன்னால சாய்ஞ்சுகிட்டே துண்டைத் தள்ளணும், எண்ணிக்கை 3 நிறுத்தி திரும்ப வரணும். 15 தடவை, நாளைக்கு மூணு வேளை. இதுல கை பாரம் மேசை மேல இருக்கிறதால தோள் தப்பாப் போகாது. ஒரு வாரம் போனதும் இடது கையை எடுத்துட்டு வலது மட்டும் தள்ளணும். அது சுலபமானா மேசை மேல ஒரு பலகை போட்டு, அதோட அந்தப்பக்க நுனிக்கு அடியில ஒரு நோட்டுப் புத்தகம் வச்சு சரிவாக்குங்க, பிறகு இரண்டு.

ரெண்டு தப்பு நடக்கும், கவனிச்சுக்கோங்க. தோள் காதுக்கு ஏறும், இல்லன்னா கை போகாத தூரத்தை முதுகு வளைஞ்சு ஈடுகட்டும். ஒத்தைக் கையில தள்ளும்போது ஒரு துண்டால நெஞ்சை நாற்காலி முதுகோட தளர்வா கட்டுங்க. உடம்பு முன்னால வராதபோது முழங்கை நீண்டே ஆகணும். எட்டுற தூரம் குறைஞ்சு தெரியும், பயப்பட வேண்டாம். கட்டாம முழுசா எட்டுறதைவிட கட்டிப் பாதி எட்டுறது முழங்கைக்கு நல்ல வேலை.

பந்தையும் விடுங்க. அமுக்க அமுக்க இறுக்கம்தான் கூடும்.


தென்மலை_ஓடி:

நான் செயல்வழிச் சிகிச்சையாளர் (OT). பிசியோ அண்ணாச்சி தோளைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றுக்கும் என் ஒப்புதல் உண்டு. பந்து விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். வலுவூட்டும் பயிற்சியால் தசை இறுக்கம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. பந்தை விடச் சொல்வதற்குக் காரணம் வேறு. அவருக்கு மடக்குவது ஏற்கெனவே வருகிறது, வராதது விரிப்பது. ஒரு நாளில் மூளைக்கும் கைக்கும் இருக்கிற தெம்பு அளவானது. அதில் 200 முறையை வருகிற வேலைக்கே செலவழித்தால், வராத வேலைக்கு என்ன மிஞ்சும்? பிடிக்கிற கையைவிட விடுகிற கைதான் உபயோகப்படும். டம்ளரைப் பிடித்துவிட்டு விடத் தெரியாத கை, பக்கத்திலிருப்பவர் வந்து விரலைப் பிரிக்கும் வரை காத்துக் கிடக்கும். விரல் தானாக விரிய ஆரம்பித்த பிறகு பந்தை மறுபடி எடுக்கலாம், பிடிவலுவும் தேவைதான்.

முதலில் இறுகிய கையை வலிக்காமல் திறப்பது. பெரும்பாலோர் விரல் நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறார்கள். உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மடக்குங்கள். விரலை மடக்கும் நாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டு மடங்கினால் அவை தளரும், விரல்கள் தாமாகவே பாதி அவிழும். இப்போது கட்டைவிரலை அதன் அடியில், உள்ளங்கையின் மேடான சதையோடு சேர்த்துப் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். நுனியைப் பிடித்தால் நடு மூட்டில் வலி வரும். மற்ற நான்கு விரலையும் உங்கள் உள்ளங்கை முழுவதும் பட நீட்டிப் பிடித்து, அப்படியே மணிக்கட்டை மெதுவாகப் புறங்கைப் பக்கமாகக் கொண்டுவாருங்கள். இழுப்புத் தெரிகிற இடத்தில் 30 வரை எண்ணுங்கள். ஐந்து முறை போதும். இது பயிற்சிக்கு முன்னால் கதவைத் திறப்பது மட்டுமே. இதையே பயிற்சி என்று நினைத்து நிறுத்திவிடுகிற வீடுகள் அதிகம்.

அடுத்தது கையில் பாரம் ஏற்றுவது. பெஞ்சில் உட்கார்ந்து, திறந்த வலது உள்ளங்கையை இடுப்புக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி ஊன்றுங்கள். முழங்கை பின்னால் மடங்காமல் உங்கள் கையால் தாங்குங்கள். உடம்பை மெல்ல வலப்பக்கம் சாய்த்து ஒரு நிமிடம். மணிக்கட்டு வலித்தால் உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் பெஞ்சில் இருக்க, விரல்கள் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கட்டும்.

அதன் பிறகுதான் அவருடைய வேலை. முன்கை மேசை மேல், கை மட்டும் விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை கீழே. புறங்கையை மேலே தூக்க வேண்டும், 10 முறை, சற்று ஓய்வு, மறுபடி 10. லேசாக அசைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த லேசு பொன் போன்றது, அதைத்தான் வளர்க்க வேண்டும். அடுத்து, மேசையில் ஒரு காலித் தீப்பெட்டியை வைத்து விரல்களின் புறப்பக்கத்தால் வெளியே தள்ளச் சொல்லுங்கள். விரலைப் பிடிக்காமல் நீட்டுவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. தீப்பெட்டி அரை அங்குலம் நகர்ந்தாலும் அது அவர் கண்ணுக்குத் தெரியும், அடுத்த முறை இன்னும் முயல்வார்.

பொருள் எடுத்து வைக்கும் பயிற்சிக்கு டாப்பிங் வேலையிலிருந்தே எடுங்கள். பால் பிடிக்கிற சிரட்டை அவர் கைக்கு வருடக்கணக்கில் பழகியது. ஆனால் முதல் நாளே சிரட்டையைக் கொடுக்காதீர்கள், அது கை அகல விரிந்தால்தான் பிடிபடும். ஒரு அங்குலக் கனமுள்ள மரக்கட்டை, பிறகு இருமல் மருந்துக் குப்பி, பிறகு டம்ளர், அதற்குப் பிறகு சிரட்டை. கட்டை வழுக்கினால் துணி சுற்றுங்கள். இடப்பக்கம் எடுத்து வலப்பக்கம் ஒரு சாண் தூரத்தில் வைப்பது ஒரு எண்ணிக்கை. விடும்போது பொருள் மேசையில் முழுதாகப் பதிந்த பிறகு, மணிக்கட்டைச் சற்று உள்ளங்கைப் பக்கமாக மடக்கி, விரலை விடச் சொல்லுங்கள். நீங்கள் பிடுங்காதீர்கள். அரை நிமிடம் ஆனாலும் அவரே விடட்டும். டாப்பிங் கத்தியை இப்போது கையில் கொடுக்க வேண்டாம். அதே பருமனுள்ள அகப்பைக் காம்பு போதும். அதைப் பிடித்து உள்ளங்கை மேலும் கீழுமாகத் திருப்புவது முன்கைத் திருப்பத்துக்கு நல்லது.

எத்தனை முறை என்ற கேள்விக்கு வருகிறேன். 2009-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், பக்கவாதச் சிகிச்சை அமர்வுகளில் நோயாளிகள் கையால் செய்த உபயோகமான அசைவு சராசரியாக 32-தான் என்று தெரிந்தது. விலங்கு ஆய்வுகளில் மூளை மாற்றத்துக்குச் செய்ய வைத்தது நூற்றுக்கணக்கில். அடுத்த ஆண்டே இன்னொரு ஆய்வு, ஒரு மணி நேர அமர்வில் 300 முறை மனிதர்களாலும் முடியும் என்று காட்டியது. அப்பாவுக்கு முதல் வாரம் நாளைக்கு 100. இருபது இருபதாக, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. வாரம் 50 கூட்டிக்கொண்டே போய் 300-ஐ எட்டலாம். எண்ணிக்கை தப்பாமல் இருக்க ஒரு கிண்ணத்தில் 20 புளியங்கொட்டை வையுங்கள். ஒவ்வொரு முறையும் இடது கையால் ஒன்றை அடுத்த கிண்ணத்தில் போடட்டும். பேச்சுப் புரிவது தடுமாறுவதால் இந்தக் கொட்டை உங்களுக்கு இரட்டை உபயோகம். எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியையும் சொல்லாதீர்கள், எதிரே உட்கார்ந்து செய்து காட்டுங்கள். சொல்ல வேண்டியிருந்தால் ஒரு சொல்: ‘நீட்டு’, ‘விடு’.

கண்ணாடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இருந்தால் போதும். நெஞ்சுக்கு நேரே மேசையில் நிறுத்தி, வலது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்தும் இடது கை முன்னால் தெரிந்தும் இருக்க வேண்டும். இடது கையிலுள்ள மோதிரம், கயிறு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிம்பம் வலது கை போலவே தோன்றினால்தான் மூளை ஏற்கும். அவர் பிம்பத்தையே பார்த்தபடி இடது கையை மெல்ல விரித்து மூட வேண்டும், மறைந்திருக்கும் வலது கையாலும் அதையே முயல வேண்டும். மணிக்கட்டு தூக்குவது, கட்டைவிரல் நுனியால் ஒவ்வொரு விரலையும் தொடுவது, பஞ்சை எடுத்து விடுவது. 15 நிமிடம், இரு வேளை, வாரம் ஐந்து நாள், குறைந்தது நான்கு வாரம். தலை சுற்றினால் கண்ணை எடுத்துவிடட்டும். தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் மாயவலிக்குக் கொண்டுவந்த முறை இது. பக்கவாதத்துக்கு 1999-ல் சோதித்தார்கள். காசு செலவில்லாத சிகிச்சை என்பதற்காக இதை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம்.

நல்ல கையைக் கட்டுவது: எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் வளர்த்த முறைதான், வதந்தி அல்ல. 2006-ல் வெளியான பெரிய ஆய்வில் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களுக்கு இரண்டு வாரம் நல்ல கைக்கு உறை மாட்டி, தினமும் பல மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். பலன் இருந்தது. ஆனால் அதில் சேர்வதற்கே, பாதித்த கையின் மணிக்கட்டு தானாக 20 டிகிரியும் விரல்கள் 10 டிகிரியும் நிமிர வேண்டும் என்று வரம்பு வைத்திருந்தார்கள். அப்பாவின் விரல் இன்னும் அங்கே வரவில்லை. இப்போது கட்டினால் அவருக்கு இரண்டு கையும் இல்லாமல் போகும், கம்பு ஊன்றவும் முடியாது, விழுவார். விரல் நிமிர்ந்த பிறகு பிசியோவிடம் கேளுங்கள். அப்போதும் கயிறு அல்ல, தடித்த துணி உறை. உட்கார்ந்திருக்கும்போது மட்டும்.


புளியரை_மகள்:

கப்பியைக் கழற்றியாச்சு. தீப்பெட்டி இன்னிக்கு ஒரு விரற்கடை நகர்ந்துட்டு, அப்பா திரும்பத் திரும்பத் தள்ளுதாங்க. வீக்கத்துக்கும் உழிச்சலுக்கும் யாராவது சொல்லுங்க. பயிற்சிக்கு முன்னால பிரஷர் பார்க்கணுமா?


வீட்டுப்பராமரிப்பு_செவிலி:

பாருங்கம்மா. உட்கார வச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு, இடது கையில பாருங்க. வலது கையில பிரஷர் பார்க்கிற பட்டையும் கட்ட வேண்டாம், ஊசியும் போட விட வேண்டாம். 180/110-க்கு மேல இருந்தா அன்னிக்குப் பயிற்சி கிடையாது, டாக்டருக்குப் போன் போடுங்க. சாப்பிட்டு முக்கால் மணி நேரம் விடுங்க. மூச்சை அடக்கிட்டு முக்குறவங்க நிறைய, அப்ப பிரஷர் ஏறும். அதனால வாய்விட்டு எண்ணச் சொல்லுங்க, எண்ண வரலன்னா நீங்க எண்ணுங்க, அவங்க ‘ம்’ போட்டா போதும். ஒரேயடியா ஒரு மணி நேரம் வேண்டாம். 20 நிமிஷமா மூணு வேளை. காலையில தெம்பு இருக்கும்போது கஷ்டமானதை வைங்க.

வீக்கம் சாயங்காலம் கூடுறது கை தொங்குறதாலயும் தசை வேலை செய்யாததாலயும். உட்காரும்போது ரெண்டு தலையணை அடுக்கி, முழங்கையைவிட மணிக்கட்டு உசரமா, கை நெஞ்சு மட்டத்துக்கு மேல இருக்கிற மாதிரி வைங்க. விரல் நுனியில இருந்து முழங்கை நோக்கி மட்டும் மெதுவா தடவுங்க, திரும்பக் கீழ வர வேண்டாம். மோதிரம் இருந்தா இப்பவே கழற்றிடுங்க, அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். வீக்கத்தோட தோல் மினுமினுன்னு, தொட்டாச் சூடா, மணிக்கட்டை அசைச்சாலே கத்துற மாதிரி வலின்னா அது வெறும் நீர் இல்ல. தோளும் கையும் சேர்ந்து வர்ற ஒரு கோளாறு இருக்கு, சீக்கிரம் பார்த்தா கட்டுப்படும். கை முழுக்க திடீர்னு ஒரே நாள்ல வீங்கினா அன்னிக்கே ஆஸ்பத்திரி, ரத்தம் உறைஞ்சிருக்கான்னு பார்க்கணும்.

உழிச்சலை ஒரேயடியா மறுக்க மாட்டேன். எண்ணெய் போட்டு இதமா தடவினா உடம்பு சொகமா இருக்கும், கை மேல கவனம் வரும். ஆனா மூணு விஷயத்தை வைத்தியர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடணும். தோள் இறங்கியிருக்கு, அதனால இழுக்கவோ முறுக்கவோ கூடாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்க, அதனால அழுத்தித் தேய்ச்சா கன்னிப்போகும். கையில உணர்ச்சி குறைஞ்சிருக்கு, அதனால கிழி ஒத்தடம் சூடா வைக்கக் கூடாது. இதுல கடைசிதான் எனக்குப் பெரிய பயம். அவங்களுக்குச் சுடுறது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். கிழியை முதல்ல உங்க மணிக்கட்டு உள்பக்கம் வச்சுப் பாருங்க, அப்புறம் அப்பாவோட இடது கையில, கடைசியாத்தான் வலது கை. குளிக்கிற வெந்நீருக்கும் இதே மாதிரிதான். கஷாயம் குடிக்கிறதுக்காக ஆஸ்பிரினையோ பிரஷர் மாத்திரையையோ ஒரு நாள்கூட நிறுத்தாதீங்க. 14 நாள் போயிட்டு வர்ற அலைச்சல்ல பயிற்சி விட்டுப்போகும்னா, என் வாக்கு பயிற்சிக்குத்தான்.

இன்னொன்னு. வாய் கோணுறது, இன்னொரு பக்கம் கை விழறது, பேச்சு திடீர்னு நிக்கிறது, இதுவரை வராத தலைவலி, இதுல எது வந்தாலும் 108. தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே நம்பர்தான். அறிகுறி ஆரம்பிச்ச நேரத்தை எழுதி வைங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு.

பிசியோ வாரம் ஒரு நாள்தான்னு சொன்னீங்க. நீங்க இருக்கிறது தமிழ்நாட்டுப் பக்கம், அதனால ஆரம்ப சுகாதார நிலையத்துல ‘மக்களைத் தேடி மருத்துவம்’னு கேளுங்க. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின திட்டம், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறதும் அதுல சேர்த்தி.


கோட்டைவாசல்_பிசியோ:

பந்து பத்தி தென்மலைக்காரர் சொன்ன காரணம்தான் சரி. என் வாக்கியத்தைத் திருத்திக்கிறேன்.

மகளுக்கு ஒரு சேர்க்கை. வர்ற மாசங்கள்ல விரல் இன்னும் இறுகி, நீங்க திறக்கவே கஷ்டமாயிட்டா பொறுத்துக்கிட்டு இருக்காதீங்க. நரம்பியல் டாக்டர்கிட்ட போட்டுலினம் ஊசி பத்திக் கேளுங்க. ஏறக்குறைய மூணு மாசம் இறுக்கத்தைக் குறைச்சு வைக்கும். ஊசி தனியா கையைத் திறக்காது, அந்த மூணு மாசத்துல விரிக்கிற பயிற்சியைக் கூட்டினாத்தான் போட்டதுக்குப் பலன். முன்கைக்குப் பின்பக்கம் ஒட்டி விரலை விரிக்க வைக்கிற மின்தூண்டல் கருவியும் உண்டு. பிசியோ இடம் காட்டின பிறகு வீட்டுல வைக்கலாம். இதயத்துல பேஸ்மேக்கர் இருந்தா கூடாது.

முதல் மூணு மாசத்துல வேகமா தேறும், அப்புறமும் தேறும், வேகம்தான் குறையும். ஏழாவது வாரம்னா நல்ல காலம் கையில இருக்கு.


புளியரை_மகள்:

எல்லாருக்கும் நன்றி. தேறுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? தினமும் பார்க்கிறதால எங்களுக்கு மாத்தம் தெரியல.


தென்மலை_ஓடி:

தினமும் அளக்காதீர்கள், மனம் சோர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், ஒரே நாற்காலி, ஒரே மேசை. நெஞ்சைத் துண்டால் கட்டியபடி மேசைத் துண்டு எவ்வளவு தூரம் போகிறது என்று மேசையில் சாக்பீஸ் கோடு போட்டு, அங்குலத்தில் குறியுங்கள். தீப்பெட்டி ஒரு தள்ளலில் எவ்வளவு நகர்கிறது, அதையும். ஒரு நிமிடத்தில் எத்தனை கட்டை எடுத்து வைத்து, தானே விடுகிறார். தோள்வலி பத்துக்கு எத்தனை. இந்த நான்கையும் காலண்டரிலேயே எழுதுங்கள், பிசியோ வரும் நாளில் காட்டுங்கள். தூரம் கூடி வலியும் கூடியிருந்தால் ஏதோ ஒரு பயிற்சியில் தோள் தப்பாகப் போகிறது என்று அர்த்தம். அந்த வாரம் எண்ணிக்கையைக் கூட்டாமல், முதலில் துண்டு தள்ளும்போது தோள் காதுக்கு ஏறுகிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள்.